கரி லோரியில் குடித்தனம்

மலாக்காவில் பண்டார் ஹிலிர் கடலோரத்தில் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி வேனோடு வந்து தங்கியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நானும் என் வீட்டுக்காரரும் வேலை மெனக்கெட்டுப் பார்க்கப் போனோம். அவருக்கு அப்போது அறுபது தாண்டியிருந்தது. எனக்கு முழங்கால் வலி வந்திருந்தது. வேனுக்குள் கட்டில், அலமாரி, அடுப்பு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை எல்லாம் இருந்தன. வெளியே இரண்டு மடக்கு நாற்காலி போட்டு, இருவரும் காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்திருந்தார்கள். வீட்டை விற்றுவிட்டுத் தங்கள் தேசத்திலிருந்து இந்த வேனிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்களாம். இப்படி வாழவேண்டும் என்று ஆசைப்பட்டு வந்தவர்கள் என்று கூட்டத்தில் இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் எங்களுக்குச் சொன்னார்.

ஆசைப்பட்டு! நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அந்த வெள்ளைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்து அவளும் சிரித்தாள். பாவம், என் சிரிப்பு எதற்கென்று அவளுக்குத் தெரியாது. ஜப்பான்காரன் காலத்தில் நானும் இவரும் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரு கரி லோரியில் குடித்தனம் செய்தோம். நாற்காலியும் இல்லை, திரையும் இல்லை. எங்களை யாரும் வேடிக்கை பார்க்க வரவும் இல்லை.

சண்டைக்கு முன்னால் இவர் மலாக்காவில் ஒரு சீனத் தவுக்கேயிடம், முதலாளியிடம், லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். காஜா பெராங்கில் ஒரு செட்டி வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தோம். மலாக்காச் செட்டிகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டுக்கார அம்மாளுக்கு நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழ் நாலு சொல் சேர்ந்தாற்போல வராது. ஆனால் கோயில் திருவிழா என்றால் எனக்கு முன்னால் போய் நிற்பாள். நான் அவளை மாக்சிக், அதாவது அத்தை, என்றுதான் கூப்பிடுவேன். அந்த அறை சின்ன அறைதான். ஆனாலும் அதற்கு நாலு சுவர் இருந்தது. சுவர் எவ்வளவு பெரிய சங்கதி என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஜப்பான்காரன் வந்தான். பெட்ரோல் போயிற்று. தவுக்கே எங்கே போனார் என்று தெரியவில்லை, கேட்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. அவருடைய லோரியைப் போக்குவரத்து ஓப்பீஸ் எடுத்துக்கொண்டு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும்படி மாற்றியது. ஓட்டத் தெரிந்தவர் இவர் என்பதால் கையில் கட்டிக்கொள்ள ஒரு துணிப்பட்டை கொடுத்து, இவரிடமே லோரியை ஒப்படைத்தார்கள். லோரி ஓடும்வரை இவர் டிரைவர். லோரி நின்றுவிட்டால் பட்டை போய்விடும், பட்டை இல்லாதவர் வெறும் ஆள். வெறும் ஆட்களை அப்போது சயாமுக்கு ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு போனார்கள். ஜாலான் பெண்டஹாராத் தெருவில் துணி வாங்கப் போனவன், பாசாருக்குக் கருவாடு வாங்கப் போனவன், அப்படியே போனான். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. ஆகவே அந்த லோரியின் மூச்சும் என் வீட்டுக்காரரின் மூச்சும் ஒன்று என்று நான் வைத்துக்கொண்டேன்.

லோரியில் குடியேறியது திட்டம் போட்டு அல்ல. டயரை வெட்டிச் செருப்புத் தைக்கும் காலம் அது. ஒரு நாள் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த லோரியின் உபரிச் சக்கரத்தை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து இவர் லோரியிலேயே படுத்தார். நான் சோற்றை அங்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு தம்பின், ஜாசின் என்று இரண்டு நாள், மூன்று நாள் ஓட்டம் வந்தது. கரியை ஊதிவிட ஓர் ஆள் வேண்டும், வேறு யாரை நம்புவது என்று நானும் ஏறினேன். அந்தச் சமயம் பார்த்து மாக்சிக்கின் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் சிங்கப்பூரிலிருந்து பிழைத்தோம் பிழைத்தோம் என்று வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு எங்கள் அறை வேண்டியிருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். நான் “தா அப்பா, மாக்சிக்” என்றேன். பரவாயில்லை என்று அர்த்தம். பரவாயில்லாமல் ஒன்றும் இல்லை, எனக்கு வயிறு எரிந்தது.

லோரியில் குடித்தனம் செய்ய யாரும் சொல்லித் தரவில்லை, பட்டுப் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால், ஓரமாக, ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புப் பீப்பாய். அதன் மேல் மூடியைத் திறந்து கரியைக் கொட்ட வேண்டும். அடியில் ஒரு சின்னக் கதவு. அதில் எண்ணெய்த் துணியைக் கொளுத்திச் செருகிவிட்டு, பக்கத்தில் உள்ள கைச்சக்கரத்தைச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அரை மணி நேரம் சுற்றினால் கனல் பிடித்து ஒரு வாயு வரும். தேங்காய் நார் அடைத்த ஒரு டின்னுக்குள் நுழைந்து அது சுத்தமாகி இஞ்சினுக்குப் போகும். சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கக் குழாய் முனையில் நெருப்பைக் காட்டுவார். நீலமாக எரிந்தால் கிளம்பலாம். மஞ்சளாக எரிந்தால் நான் இன்னும் சுற்ற வேண்டும். பெரும்பாலும் மஞ்சளாகத்தான் எரியும்.

முதல் வாரமே பாடம் கிடைத்தது. மழைக்குப் பயந்து கான்வாஸை நாலு பக்கமும் இறக்கிக் கட்டிவிட்டுப் படுத்தோம். பீப்பாயில் மிச்சக் கனல் இருந்தது. விடிந்து எழுந்தால் இருவருக்கும் தலை தூக்க முடியவில்லை. சடக்கு ஓரத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் வாந்தி எடுத்தோம். இன்னும் ஒரு மணி நேரம் தூங்கியிருந்தால் எழுந்தே இருக்கமாட்டீர்கள் என்று இன்னொரு லோரிக்காரர் சொன்னார். அதற்குப் பிறகு எந்த மழையிலும் பீப்பாய்ப் பக்கத்துக் கான்வாஸை இறக்கியதில்லை. நனைந்தால் காய்ந்துகொள்ளலாம்.

எதையும் தரையில் வைக்கக்கூடாது, எல்லாவற்றையும் தொங்கவிட வேண்டும் என்பது இரண்டாவது வாரம் தெரிந்தது. சட்டி, அரிவாள்மனை, உப்பு டின், என் இரண்டு சேலை எல்லாம் மேல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கின. லோரி ஓடும்போது அத்தனையும் ஒன்றோடொன்று மோதி, கல்யாண வீட்டுச் சமையற்கட்டு மாதிரி சத்தம் போடும். தென்னை மரத்தடியில் நிறுத்தக்கூடாது என்பது மெர்லிமாவில் தெரிந்தது. ஒரே ஒரு நல்ல மண்சட்டி வைத்திருந்தேன், அது அங்கே போயிற்று.

சரக்கு ஏற்றாத நாளில் பின்பக்கம் முழுதும் எங்கள் வீடு. ஏற்றிய நாளில் மரவள்ளிக்கிழங்குச் சாக்கின் மேலே, விறகுக் கட்டின் மேலே, உப்பு மூட்டையின் மேலே, எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே வீடு. கிழங்கு மூட்டை முதுகில் உறுத்தும், விறகு எல்லா இடத்திலும் உறுத்தும். உப்பு மூட்டை பரவாயில்லை, ஆனால் உடம்பெல்லாம் அரிக்கும்.

கரி லோரிக்குச் சக்தி கிடையாது. சமதரையில் ஓடும். மேடு வந்தால் முனகும். தம்பின் போகிற சடக்கில் மேடு வரும் இடமெல்லாம் நான் ஒரு முட்டுக்கட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவேன். லோரி ஒரு முழம் ஏறும், நிற்கும். அது பின்னால் உருளாமல் நான் சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். மறுபடி ஒரு முழம், மறுபடி கட்டை. நான் லோரியில் போனதாகச் சொல்கிற தூரத்தில் பாதி, அதன் பின்னால் குனிந்துகொண்டே நடந்த தூரம்.

எங்கே நிறுத்தினாலும் முதல் காரியம், பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று “தும்பாங்” என்று கேட்பது. உங்கள் இடத்தில் கொஞ்சம் ஒண்டிக்கொள்கிறோம் என்று அர்த்தம். மலாய் வீட்டில் கேட்டேன், சீனன் தோட்டத்தில் கேட்டேன், கித்தாத் தோட்டத்து லயத்தில், ரப்பர் பால் வெட்டுகிற கூலிக்காரர்கள் வீட்டு வரிசையில், கேட்டேன். முடியாது என்று யாரும் சொன்னதில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும். லயத்துப் பெண்கள் குழாயடியில் எனக்கு முறை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் தினமும் ஒரு வாசலில் போய்ப் பல்லைக் காட்டி நிற்பது இருக்கிறதே, அது லோரியைத் தள்ளுவதைவிடக் கஷ்டம்.

ஒரு வருடம் ஆனபோது எனக்கு அலுத்துவிட்டது. இதை அழகாகச் சொல்ல எனக்கு வராது. அலுத்துவிட்டது, அவ்வளவுதான். தோள்பட்டை இரண்டும் சக்கரம் சுற்றிச் சுற்றிக் கழன்றுவிட்ட மாதிரி இருந்தது. மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. பெரிதாக ஒன்றும் ஆசைப்படவில்லை. ஒரு சுவர் வேண்டும், அதில் ஓர் ஆணி அடித்து என் சேலையை மாட்டவேண்டும், மறுநாள் பார்த்தாலும் அது அதே இடத்தில் தொங்கவேண்டும். அந்த ஆணியை நினைத்துக்கொண்டே நான் சக்கரம் சுற்றிய நாட்கள் உண்டு. அவரும் இளைத்துப்போனார். அவர் அலுப்பைப் பற்றி வாயைத் திறந்ததில்லை. ஆண்பிள்ளைகளுக்கு அலுக்காது போலிருக்கிறது என்று நான் எரிச்சலோடு நினைத்துக்கொள்வேன்.

திங்கட்கிழமைதோறும் காலையில் லோரியை ஓப்பீஸ் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தவேண்டும். ஜப்பான் அதிகாரி பார்ப்பார், அவருடைய குமாஸ்தாவான கிராணி எழுதிக்கொள்வார். இஞ்சின் முழங்கினால் அடுத்த வாரத்துக்குப் பட்டை உண்டு. முழங்காவிட்டால் லோரியை உதிரிக்குக் கழற்றிவிடுவார்கள்.

அப்படி ஒரு திங்கட்கிழமைக்கு முந்திய வெள்ளி. தம்பினில் சரக்கை இறக்கிவிட்டு வெறும் லோரியோடு வந்து, குருபோங் பக்கம் ஓர் ஓடைக்கரையில் மத்தியானம் நிறுத்தினோம். நல்ல கரி தீர்ந்துபோயிற்று, பீப்பாயில் இருந்தது மட்டும்தான் மிச்சம். நிறுத்தினால் இவர் முதலில் செய்வது மேல் மூடியை இறுக்கி, விளிம்பைச் சுற்றி ஈர மண் பூசிய கயிற்றை அழுத்தி, ஒரு குச்சியால் மூன்று தட்டுத் தட்டிப் பார்ப்பது. காற்றுப் புகாவிட்டால் கனல் தானாக அடங்கிவிடும், கரி மிச்சமாகும். அந்த மூன்று தட்டுத் தட்டாமல் அவர் பீப்பாயைவிட்டு நகர்ந்ததே இல்லை. அன்று லோரியை நிறுத்தியதும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, பக்கத்துக் கம்பத்து வீடுகளில் யாரிடமாவது கரி கேட்டுவருகிறேன் என்று போய்விட்டார்.

நான் ஓடையில் சேலையை அலசிவிட்டு வந்து பார்த்தால் பீப்பாய் மூடி ஓரத்தில் புகை வருகிறது. கையை வைத்தால் கொதிக்கிறது. உள்ளே கரி சும்மா எரிந்து சாம்பலாகிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமைக்கு அதுதான் கரி. மூடியை அழுத்திப் பார்த்தேன், புகை நிற்கவில்லை. அப்போது என் கை, எல்லாச் சமையற்கட்டிலும் செய்ததைச் செய்தது. சோறு இறக்கியதும் அடுப்புக் கங்கில் தண்ணீர் தெளித்து அணைத்து, வெயிலில் காயவைத்து, மறுநாளுக்கு எடுத்துவைப்போம். கங்கைச் சாம்பலாக விடுகிறவள் குடும்பத்துக்கு லாயக்கில்லாதவள் என்று என் அம்மா கரண்டியாலேயே போடுவாள். ஓடிப்போய் இரண்டு வாளி தண்ணீர் எடுத்துவந்தேன். மூடியைத் திறந்து ஒன்றைத் தூக்கி ஊற்றினேன். வெடித்த மாதிரி ஆவி கிளம்பி என் வலது கையை அவித்தது. உள்ளே டக், டக் என்று எதுவோ உடைகிற சத்தம் கேட்டது. இரண்டாவது வாளியையும் ஊற்றினேன்.

அவர் அரைச் சாக்குக் கரியோடு திரும்பினபோது நான் வெந்த கையை ஓடைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சின்னக் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். பீப்பாயின் உட்புறத்தில் சூடு தாங்குவதற்காகப் பதித்திருந்த செங்கல் பூச்சு உடைந்து, கரிச் சேற்றில் துண்டு துண்டாகக் கிடந்தது. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்ன புள்ள செஞ்ச?”

“அணைச்சேன். கரி வீணாப் போச்சு.”

“இது என்ன அடுப்பா, தண்ணி ஊத்தி அணைக்க?”

“பின்ன என்னவாம்? கரி போட்டா எரியுது, ஊதுனா கனலுது. எங்க ஊருல அதுக்கு அடுப்புன்னுதான் பேரு.”

பயத்தில்தான் அப்படி எரிந்து விழுந்தேன். அவர் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. கையில் கட்டியிருந்த பட்டையை நெருடிக்கொண்டே, “அந்தக் கல்லு சிங்கப்பூருலதான் கெடைக்கும். இன்னைக்கு வெள்ளி” என்றார். நான் அழுதேன். நானே என் கையால் இவரைச் சயாமுக்கு அனுப்பிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அழுது முடித்தபின் எனக்கு ஒரு யோசனை வந்தது. அது அடுப்புதான் என்றால், அடுப்புப் பூச எனக்குத் தெரியும். காஜா பெராங்கில் மாக்சிக்கின் அடுப்பையே நான்தான் பூசிக்கொடுத்திருக்கிறேன். புற்று மண், உமிச் சாம்பல், உடைந்த மண்சட்டியை இடித்த தூள். சட்டித் தூள் சேர்க்காவிட்டால் முதல் சூட்டிலேயே வெடித்துவிடும். ஏற்கெனவே நெருப்பில் வெந்த மண் அது, ஆகையால் இன்னொரு தடவை நெருப்பைப் பார்த்துப் பயப்படாது. இதை அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை.

குருபோங்கில் ஒரு மலாய்க்காரரிடம் மாட்டு வண்டி மாடு ஒரு ஜோடி இருந்தது. வண்டியை அவிழ்த்துவிட்டு மாட்டை லோரியில் கட்டினார். காஜா பெராங் வரை எங்கள் வீட்டை இரண்டு மாடு இழுத்துக்கொண்டு போயிற்று. உள்ளே சட்டிகள் ஆடின. சடக்கில் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பினார். வழியில் கித்தாத் தோட்டத்து ஓரத்தில் மாட்டை நிறுத்தச் சொல்லி நான் ஒரு புற்றை வெட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டேன்.

மண்சட்டி கேட்டுத்தான் மாக்சிக்கிடம் போனேன். சண்டை தொடங்கியதிலிருந்து பாசாரில் புதுப்பானை கிடையாது. அவர்கள் பொங்கலுக்கு வைக்கிற பானைகளைத் தூர எறியமாட்டார்கள், பழைய பானைகளைக் கிணற்றடியில் கவிழ்த்து வரிசையாக வைத்திருப்பாள். அதில் விரிசல் விட்டது ஒன்று இரண்டு இருந்தால் போதும் என்றேன். அவள் என் வெந்த கையைப் பார்த்தாள், வாசலில் நிற்கிற மாட்டைப் பார்த்தாள், லோரியைப் பார்த்தாள். கிணற்றடிக்குப் போய் நாலு பானையைத் தூக்கிவந்து, என்னிடம் கொடுக்காமல் தானே கல்லில் போட்டு உடைத்தாள். பொங்கல் பானையை நான் உடைத்தால் எனக்குப் பாவம் வந்துவிடுமாம். உடைத்தபிறகு உரலில் போட்டு இடித்ததும் அவள்தான், என் கை உதவவில்லை.

சனிக்கிழமை பூசினேன். அவர் சேறு குழைத்துக் கொடுக்க, நான் சின்னக் கதவு வழியாக இடது கையை விட்டுத் தடவித் தடவிப் பூசினேன். இரண்டு விரல் கனம், உள்ளே பார்க்க முடியாது, கைதான் கண். ஞாயிறு முழுதும் தேங்காய்ச் சிரட்டையில் இளஞ்சூடு கொடுத்துக் காயவைத்தோம்.

அன்று மாக்சிக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிங்கப்பூர்ச் சொந்தக்காரர்கள் பாதிப் பேர் புக்கிட் காதில் பக்கம் காடு திருத்திக் கிழங்கு போடப் போகிறார்கள், நாளைக்கே கிளம்புகிறார்கள், பின்னறை காலி, வந்துவிடு என்றாள். என் சேலையைக் காட்டி, சுவரைக் காட்டி, “மாசோக், மாசோக்” என்றாள். உள்ளே வா என்று. நான் ஒரு வருடமாகக் காத்திருந்த சொல் அது.

அவர் சிரட்டையைக் கிளறிக்கொண்டே சொன்னார். “நீ இங்கேயே இருந்துக்க. லோரி ஓடுச்சுன்னா நான் மட்டும் போறேன். ஊதுறதுக்கு யாரையாச்சும் பாத்துக்கலாம்.”

“ஓடலேன்னா?”

அவர் இன்னும் இரண்டு சிரட்டையை எடுத்து நெருப்பில் போட்டார்.

திங்கள் காலை ஓப்பீஸ் முற்றத்தில் நான் இடது கையால் சக்கரம் சுற்றினேன். அதிகாரி குனிந்து சின்னக் கதவு வழியாகப் பார்த்து ஏதோ கேட்டார். கிராணி நம் ஆள்தான். “உள்ள மண்ணா இருக்கே, என்னன்னு கேக்குறாரு” என்றார் மெல்ல.

“பூச்சு விழுந்திருச்சு சார். வீட்டுல பூசுனாங்க” என்றார் இவர்.

கிராணி அதை எப்படி மொழிபெயர்த்தாரோ தெரியாது. அதிகாரி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இவர் குழாய் முனையில் நெருப்பைக் காட்டினார். மஞ்சள். நான் சுற்றினேன். மறுபடியும் மஞ்சள். கை மரத்துப்போயிற்று. வாய்க்குள் மாரியம்மா மாரியம்மா என்று சொல்லிக்கொண்டே சுற்றினேன். மூன்றாவது தடவை நீலமாக எரிந்தது. இஞ்சின் இருமி, இருமி, பிடித்துக்கொண்டது. அதிகாரி அடுத்த லோரிக்குப் போய்விட்டார்.

அங்கிருந்து நேராகக் காஜா பெராங் வந்து மாக்சிக் வீட்டு வாசலில் இவர் லோரியை நிறுத்தினார். இஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்பக் கிளப்ப அரை மணி ஆகும். என் டிரங்குப் பெட்டியை இறக்கவா என்பதுபோல என்னைப் பார்த்தார். வீட்டுக்குள்ளே பின்னறைக் கதவு திறந்திருந்தது, பெருக்கி வைத்திருந்தார்கள். அந்தப் பூச்சு பதினைந்து நாள்தான் தாங்கும். பிறகு கீறல் விடும், திரும்பப் பூச வேண்டும். இருட்டுக்குள் கையை விட்டு எந்த இடம் மெலிந்திருக்கிறது என்று தடவிக் கண்டுபிடிக்கிற கை இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அந்தக் கைக்கு நான் சொந்தக்காரியாகிவிட்டேன்.

“போங்க” என்றேன்.

“என்ன?”

“லோரிய எடுங்கன்னு சொல்றேன்ல.”

பாசத்தில் சொன்னதாக நினைக்கவேண்டாம். கோபத்தில் சொன்னேன். அந்த அறையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஜாசின் போகிறவரை அழுதுகொண்டே போனேன். அதற்குப் பிறகு ஜப்பான்காரன் போகும்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பீப்பாயைப் பூசினேன். என்னுடைய புற்று மண்ணைக் கேட்டு மற்ற லோரிக்காரர்களின் மனைவிகளும் வந்தார்கள். இவரைச் சயாமுக்குக் கொண்டுபோகவில்லை. இன்றைக்கும் என் வலது கையில் தோல் சுருங்கித்தான் இருக்கிறது.

அந்த வெள்ளைக்காரர்களின் வேனைப் பார்த்துவிட்டு நாங்கள் இருவரும் பஸ்ஸுக்காகக் கடலோரச் சுவரில் உட்கார்ந்தோம். இவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அன்னைக்கு குருபோங்ல தண்ணி ஊத்துனியே. கரி வீணாப் போவுதுன்னு மட்டும்தான் ஊத்துனியா?”

முப்பது வருடமாக இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வராது என்று முடிவு கட்டிய பிறகு வந்தது. பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குக் கால் வலித்தது, வயதும் ஆகிவிட்டது.

“மொதோ வாளி கரிக்குத்தான்” என்றேன். “ரெண்டாவது வாளி, உள்ள ஒடையிற சத்தம் கேட்ட பொறவு ஊத்துனேன். இந்த லோரி நின்னு தொலையட்டும்னு ஊத்துனேன்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன். அந்த ஒரு வாளியில் அவர் உயிரே போயிருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“நான் அன்னைக்கு மூடியத் தட்டல” என்றார் அவர்.

“மறந்துட்டீங்க. அலைச்சல்ல யாருக்குத்தான் மறக்காது?”

“மறக்கல, புள்ள. குச்சிய எடுத்துட்டு, திரும்பக் கீழ வச்சிட்டுப் போனேன்.”

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சண்டைக்குப் போனேன். “சயாமுக்குப் போயிருப்பீங்களே! என்னைய எங்க விட்டுட்டுப் போறதா நெனப்பு?”

“ஒண்ணும் நெனைக்கல. நின்னாப் போதும்னு இருந்துச்சு. ஒரு நிமிசந்தான்.”

அவருக்கும் அலுத்திருந்தது. என்னைப்போலவே, அதே நாளில், அதே பீப்பாயைப் பார்த்து அலுத்திருந்தது. இரண்டு பேரும் ஒரே லோரியில் ஒட்டி உட்கார்ந்து இரண்டு வருடம் போயிருக்கிறோம், ஒருத்தருக்கொருத்தர் சொல்லவே இல்லை. “எனக்கும் ஒரு நிமிசந்தான்” என்றேன்.

பஸ் வந்தது. படி உயரம், என் முழங்கால் மடங்கவில்லை. ஒரு படி ஏறி நின்றுவிட்டேன். அவர் பின்னாலிருந்து, நான் சரிந்துவிடாதபடி, என் முதுகில் கையை முட்டுக் கொடுத்து நின்றார். நான் அடுத்த படி ஏறினேன், மறுபடி நின்றேன். அவர் கையை எடுக்கவில்லை.